இரவு மாத்திரையை மறுத்தவர்: பாம்பன் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வாய்ப்புற்றுநோய் முற்றிய நிலையில் வீட்டிலேயே பராமரிக்கப்பட்ட 58 வயது நாட்டுப்படகு மீனவர் ஒருவருக்கும், அவர் மறைந்தபின் அவருடைய மனைவிக்கும் அளிக்கப்பட்ட உளவியல் சிகிச்சையை இந்த ஆய்வு விவரிக்கிறது. குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன். ஆயினும், சிறிய ஊரில் வயதையும் தொழிலையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும் என்பதால் சில விவரங்களை மாற்றியும், ஒத்த நிலையிலிருந்த வேறு வீடுகளின் விவரங்களைச் சேர்த்தும் எழுதியுள்ளேன். இறப்புக்கு முந்திய பணி ஒரு பிரிவு, இறப்புக்குப் பிந்திய துயர ஆற்றுகை இன்னொரு பிரிவு என்று பயிற்சியிலும் பதிவேடுகளிலும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். கடலில் போனவர் திரும்பாத வீடுகள் நிறைந்த இந்தக் கரையில் அந்தப் பிரிவினை பொருந்துவதில்லை. முந்திய துக்கம் தீராமல் கிடக்கும் வீட்டில், அடுத்து இறக்கப்போகிறவரின் உடல் வலியைக்கூட மருந்தால் மட்டும் தணிக்க முடியாது என்பதை இந்த நிகழ்வு எனக்குத் தெளிவாகக் காட்டியது.

குடும்பமும் நோயும்

நோயாளி பாம்பன் தீவின் கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாயார், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அங்கிருந்து பாம்பனுக்குப் பெயர்ந்து வந்தவர்களில் ஒருவர். நோயாளி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, படகு உரிமையாளரான சம்மாட்டி ஒருவரின் வள்ளத்தில் கூலியாளாகச் சேர்ந்து, பின்னர் சொந்தமாக ஒரு நாட்டுப்படகு வாங்கியவர். இரவுக் கடலில் தூக்கத்தையும் பசியையும் அடக்குவதற்காக வெற்றிலையும் புகையிலையும் போடும் பழக்கம் பதினைந்து வயதிலிருந்தே இருந்தது. மனைவிக்கு 51 வயது. மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தீவுகளை ஒட்டிய ஆழமில்லாக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களில் ஒருவர். மூத்த மகள் அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, எட்டு வயது மகனுடன் இருக்கிறார்.

இளைய மகன் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் இந்த வீட்டின் நடுவே கிடந்த கேள்வி. நோயாளி எங்கள் பராமரிப்புக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, வாடைக்காற்றுப் பருவத்தில், அப்பாவின் படகில் இன்னொருவரோடு கடலுக்குப் போன அந்த 24 வயது இளைஞர் திரும்பவில்லை. உடன் போனவரின் உடல் நான்காம் நாள் கரை ஒதுங்கியது. படகின் பலகைகள் சில கிடைத்தன. இவருடைய உடல் கிடைக்கவில்லை.

நோயாளிக்கு இடது கன்னத்தின் உட்புறத்தில் புண் கண்டு, ஆறாமல் பெரிதாகி, மதுரையில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்று, ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. இனி நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை பயன் தராது என்று மருத்துவர்கள் மகளிடம் தெரிவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பார்த்தபோது வாய் ஒரு விரல் அளவுக்கே திறந்தது. கன்னத்தில் புண் வெளியே உடைந்திருந்தது. அதன் நாற்றத்துக்காகச் செவிலியர் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப்போடுவார். தன் நாற்றம் பேரனுக்கு ஆகாது என்று அவரே வீட்டுக்குள் படுப்பதை விட்டுவிட்டு, வலைகள் கிடக்கும் ஓலைக் கொட்டகையில் கட்டிலைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அனுப்பப்பட்ட காரணம்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், முற்றிய நோயின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் அடங்கும் என்பதால், நடமாட முடியாத புற்றுநோயாளிகளின் வீட்டுக்கே செவிலியர் போவது இப்போது இக்கரையில் பழகிவிட்ட காட்சி. கடும் வலிக்கான மார்ஃபின் மருந்து கிடைப்பதும் முன்பைவிட எளிது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தம், அதற்காக மருத்துவமனைகள் பல உரிமங்களைத் தேடி அலையும் நிலையை மாற்றியது. இந்த நோயாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரையும், நள்ளிரவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு படுக்கும் முன் அதைப்போல் இரு மடங்கும் எழுதப்பட்டிருந்தன. ஆயினும் இரவு வலி குறையவில்லை. மருத்துவர் அளவைக் கூட்டினார், பயனில்லை. மாத்திரைக் கணக்கைச் சரிபார்த்த செவிலியர், இருக்க வேண்டியதைவிட அதிகமாக மாத்திரைகள் மிஞ்சுவதைக் கவனித்து, பகல் மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கும் நோயாளி இரவு மாத்திரைகளை வெற்றிலைப் பெட்டியில் சேர்த்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். தற்கொலை நோக்கம் இருக்குமோ என்ற அச்சத்தில் அன்று மாலையே என்னை அழைத்தார்.

செவிலியர் வேறொன்றும் சொன்னார். நோய் இன்னதென்று நோயாளிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது என்று மனைவி வாசலிலேயே எல்லோரிடமும் உறுதி வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பதே அது.

முதல் சந்திப்புகள்

மனநலம் என்ற சொல்லைக் கேட்டதும் இந்த மாவட்டத்தில் பலருக்கு நினைவுக்கு வருவது ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்த கொடுமை இன்னும் பேச்சில் இருக்கிறது. இந்த மகளும் என்னிடம் முதலில் கேட்டது, "அப்பாவுக்குப் புத்தி பிசகிருச்சுன்னு எழுதப்போறீகளா?" என்பதுதான். செவிலியர் புண்ணைப் பார்ப்பதுபோல, நோய் நீண்டால் மனத்துக்கும் வீட்டாருக்கும் வரும் பாரத்தைப் பார்ப்பது என் வேலை என்று விளக்கினேன். எங்கும் அனுப்புவதற்கான தாள் என் கையில் இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சொன்னேன். இந்த விளக்கத்துக்கு நேரம் செலவிடாமல் நோயாளியின் கட்டிலருகே போவதை நான் தவிர்ப்பேன்.

தற்கொலை எண்ணத்தைச் சுற்றி வளைத்துக் கேட்பதில் பயன் இல்லை. நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. வாய் திறக்க முடியாதவரிடம் நீண்ட பதிலை எதிர்பார்க்கவும் முடியாது. பேரனின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றையும் பென்சிலையும் அவர் கையில் கொடுத்து, ஆம், இல்லை என்று தலையசைத்தே பதில் சொல்லக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாத்திரைகளை ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ள எண்ணியதுண்டா என்ற கேள்விக்குத் தலையை அழுத்தமாக அசைத்து மறுத்துவிட்டு, "அதுக்கு எதுக்கு மாத்திர. தானா வருது" என்று எழுதினார். அந்த ஒரு வரியிலேயே இரண்டு செய்திகள் கிடைத்தன. உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டம் இல்லை என்பது ஒன்று. நோய் எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும் என்பது மற்றொன்று. பாதுகாப்புக்காக மாத்திரைகளை மகளின் பொறுப்பில் பூட்டிவைக்கச் செய்தோம்; அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

அடுத்து மனைவியைத் தனியே சந்திக்க வேண்டியிருந்தது. இந்தக் குடியிருப்புகளில் தனிமை எளிதில் கிடைக்காது. நோயாளி வீட்டுக்குப் பகல் முழுவதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துபோவார்கள்; அவர்களை விலக்குவது மரியாதையாகாது, அவர்களுடைய வருகை அந்த வீட்டுக்குத் தேவையும்கூட. காலையில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் தெரு காலியாக இருக்கும் என்று மகள் சொன்னதால், எங்கள் உரையாடல்களை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டோம். சிகிச்சை அறையும் மூடிய கதவும் கொண்டு கற்றவர்களுக்கு இது சிறிய விவரமாகத் தோன்றலாம். வீட்டுக்கே போய்ச் செய்யும் இந்தப் பணியில் பாதி வெற்றி இத்தகைய ஏற்பாடுகளில்தான் இருக்கிறது.

"அவுககிட்ட சொல்லிப்புடாதீக தாயி" என்றே அவர் தொடங்கினார். நோயை மறைக்கும் குடும்பத்தாரைத் திருத்த வேண்டியவர்களாகப் பார்ப்பது நம் துறையில் பரவலாக இருக்கும் ஒரு போக்கு. நான் அதை ஏற்பதில்லை. மறைப்பது பெரும்பாலும் அன்பின் வேலை. அது யாரை எதிலிருந்து காக்கிறது என்று கேட்டறிவதே நம் கடமை. ஆகவே, சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் மனம் விட்டுப்போவார், சாப்பிடமாட்டார் என்று வழக்கமாகக் கேட்கும் பதில்கள் முதலில் வந்தன. இத்தனையையும் தனியாகச் சுமப்பதில் உங்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்டபோது நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாகப்போறோம்னு தெரிஞ்சா மகனக் கேப்பாக. நான் என்ன சொல்லுவேன்?" என்றார்.

மகன் உயிரோடு இருக்கிறான் என்பது அவருடைய நம்பிக்கை. தனுஷ்கோடி முனையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார் இருக்கிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சிறையிருந்து திரும்பியவர்கள் அதே தெருவில் குடியிருக்கிறார்கள். காற்றில் ஒதுங்கிய படகை அக்கரையில் யாராவது மீட்டிருப்பார்கள், பெயர் தெரியாமல் எங்கோ வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு இந்தக் கரையில் போதிய காரணங்கள் உண்டு. இதை உண்மையை ஏற்க மறுத்தல் என்று பதிவுத்தாளில் எழுதியிருந்தால் அது பிழையான மதிப்பீடாகியிருக்கும். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், உடல் கிடைக்காத, முடிவு தெரியாத இழப்பை உறுதியற்ற இழப்பு என்று வகைப்படுத்தி, அங்கே தேங்கி நிற்கும் துக்கத்துக்குக் காரணம் சூழ்நிலையே அன்றி மனிதரின் குறை அன்று என்று விளக்கியிருக்கிறார். இந்த அம்மையாரின் ஐந்து ஆண்டுகளை விளங்கிக்கொள்ள எனக்கு அந்த விளக்கமே துணை நின்றது.

நான் அவரிடம் இரண்டு வாக்குகள் கொடுத்தேன். கணவர் கேட்காத எதையும் நானாகச் சொல்லமாட்டேன் என்பது ஒன்று. அவர் கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்பது இன்னொன்று. அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பார்க்க மட்டும் அனுமதி வேண்டினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இரவு மாத்திரையின் காரணம்

நோயாளிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "புத்து. மதுரையிலேயே தெரியும். அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம்" என்று எழுதினார். ஒரே கூரையின் கீழ் இருவரும் ஒருவரிடமிருந்து மற்றவரை ஒரே செய்தியிலிருந்து காத்துக்கொண்டிருப்பதை நோய் ஆதரவுப் பணியில் இருப்பவர்கள் அடிக்கடி காண்பார்கள்.

இரவு மாத்திரையைப் பற்றிய விடை மெதுவாகத்தான் வந்தது. தூக்கம் வரும், அது வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்பதற்குப் பல நாட்கள் பதில் எழுதவில்லை. மகன் போன இரவைப் பற்றி வரிசையாகச் சொல்லும்படி, அவருக்குக் களைப்பு ஏற்படாத அளவுக்குச் சிறிது சிறிதாகக் கேட்டு வந்தபோதுதான் அது துலங்கியது. அன்று கடலுக்குப் போகவேண்டியவர் அவரே. வாயில் புண் எரிந்து தாளவில்லை என்பதால் மகனை அனுப்பினார். அப்போது அது வெறும் வாய்ப்புண் என்றே எண்ணியிருந்தார். பின்னர் மதுரையில் நோயின் பெயரைக் கேட்டபோது, மகனைக் கடலுக்கு அனுப்பியது இந்தப் புண்தான் என்று அவர் மனத்தில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. மகன் போன நேரத்தில் வலியின்றித் தூங்குவது தனக்குத் தகாது என்று முடிவு செய்திருந்தார். "இது நான் பட வேண்டிய பாடு" என்று நோட்டில் இருந்தது. பகல் வலிக்கு மருந்தை ஏற்றுக்கொண்டு இரவு வலியை மட்டும் அவர் வைத்துக்கொண்டதன் காரணம் இதுவே.

1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், முற்றிய நோயாளியின் வலியில் உடலும் உள்ளமும் உறவும் ஆன்மிகமும் பிரிக்க முடியாமல் பின்னியிருக்கும் என்று கூறி, அதற்கு முழுவலி என்று பெயரிட்டார். பாடநூலில் நான்கு பெட்டிகள் கொண்ட படமாக வரும் அந்தக் கருத்து, இங்கே ஒரு வெற்றிலைப் பெட்டிக்குள் சேர்ந்திருந்த மாத்திரைகளாக என் முன் இருந்தது.

மனச்சோர்வுக்கான வழக்கமான வினாப்பட்டியலை நான் அவரிடம் பயன்படுத்தவில்லை. தூக்கமின்மை, பசியின்மை, களைப்பு ஆகியவை முற்றிய புற்றுநோயிலேயே வரும் என்பதால் அதில் கிடைக்கும் மதிப்பெண் தவறான திசை காட்டும். எதிலாவது ஆர்வம் மிஞ்சியிருக்கிறதா, தன்னைப் பயனற்றவராக எண்ணுகிறாரா, குற்றவுணர்வு எவ்வளவு என்பவற்றையே பார்த்தேன். பேரன் வலை பின்னக் கற்பதைப் பார்க்க அவர் நாள்தோறும் காத்திருந்தார். மனச்சோர்வு நோய் என்று முடிவு செய்ய எனக்கு ஆதாரம் போதவில்லை. குற்றவுணர்வு மட்டும் மிகக் கடுமையாக இருந்தது.

செய்த சிகிச்சை

"உங்கள் மேல் தவறில்லை" என்று ஆறுதல் சொல்வது எளிது. அதை ஊரார் ஐந்து ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அது அவருடைய பேச்சை நிறுத்தவே பயன்பட்டது. நான் அதைச் சொல்லாமல், அந்த இரவின் பொறுப்பு யார் யாரிடம் எவ்வளவு இருந்தது என்பதை அவரோடு சேர்ந்து பிரித்துப் பார்த்தேன். காற்று, பழைய இயந்திரம், உடன் போனவரின் முடிவு, கரையில் கொடுத்த எச்சரிக்கை, தானே போகிறேன் என்று முந்திக்கொண்ட மகனின் விருப்பம், தன் வாய்ப்புண் என்று ஒவ்வொன்றாக எழுதினார். மகன் தானாகவே முன்வந்தான் என்பது அந்தப் பட்டியலில்தான் முதன்முறையாக வந்தது. தன் பங்கை அவர் முழுவதும் அழிக்கவில்லை. அதை அழிக்கவைப்பது என் நோக்கமும் அன்று. தகப்பன் என்ற முறையில் அவர் வைத்துக்கொள்ள விரும்பிய அளவு பொறுப்பு அவரிடமே இருந்தது. வலியால் செலுத்த வேண்டிய கடன் என்ற எண்ணம் மட்டும் தளர்ந்தது.

குற்றவுணர்வின் ஒரு பகுதி உளவியலின் எல்லைக்குள் அடங்காதது. அவர் பாவமன்னிப்பைப் பற்றி எழுதியபோது, அதற்குரியவர் நான் அல்ல என்று சொல்லி, அவருடைய அனுமதியோடு பங்குத் தந்தைக்குத் தெரிவித்தேன். பேச முடியாதவருக்கு எழுத்தும் சைகையும் போதும் என்று தந்தை கூறி, தனியே இருந்து ஒப்புரவு அருட்சாதனத்தையும், பின்னர் நோயில் பூசுதலையும் நிறைவேற்றினார். நோட்டின் அந்தப் பக்கங்களை நோயாளி கிழித்து எரித்துவிட்டார். அதன் உள்ளடக்கம் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அதே வாரத்தில் அவர் இரவு மாத்திரையை விழுங்கத் தொடங்கினார். முன்பு பயனில்லை என்று கூட்டப்பட்ட அளவை மருத்துவர் கவனமாகக் குறைத்து மீண்டும் நிர்ணயித்தார். நடந்ததைக் குழுவுக்கு உடனே தெரிவித்திருக்காவிட்டால், மாத்திரையை விழுங்காத காலத்தில் ஏற்றப்பட்ட அளவே தொடர்ந்து அவருக்கு ஆபத்தாகியிருக்கும். உளவியலாளர் மருத்துவரோடும் செவிலியரோடும் அன்றாடம் பேச வேண்டியதன் அவசியத்துக்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளும் உரையாடலை அவர்களே தொடங்கினார்கள். நோட்டில் "எனக்குத் தெரியும்" என்று எழுதி அவர் நீட்டியதாகவும், தான் அதைப் படிக்கத் தெரியாமல் மகளைக் கூப்பிட்டதாகவும், மகள் படிக்கும் முன்பே என்ன எழுதியிருக்கும் என்று புரிந்துவிட்டதாகவும் அம்மையார் பின்னர் சொன்னார். அன்றிரவு கட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

மகனைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்து ஏற்படவில்லை. அவன் இறந்துவிட்டான் என்பது தந்தையின் எண்ணம். இருக்கிறான் என்பது தாயின் எண்ணம். தன் கல்லறைச் சிலுவையில் மகனின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது அந்த வேறுபாடு வெடித்தது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, கொளுத்துவதற்கு ஓர் இடமில்லாமல் ஐந்து ஆண்டுகளாக வீட்டிலேயே இருந்துவிட்ட மனைவிக்கு ஓர் இடத்தை விட்டுச்செல்ல அவர் நினைத்தார். மனைவிக்கோ, பெயரைப் பொறிப்பது மகனைத் தன் கையால் புதைப்பதற்கு ஒப்பாக இருந்தது. இத்தகைய நிலையில் ஒருவரை மற்றவர் பக்கம் இழுப்பது சிகிச்சையாகாது. இரண்டு நம்பிக்கைகளும் ஒரே வீட்டில் இருக்கலாம், யாரும் யாரையும் ஒப்புக்கொள்ளவைக்க வேண்டியதில்லை என்பதைத் திரும்பத் திரும்ப அவர்கள் முன் வைத்தேன்.

வழி அவர்கள் குடும்பத்திலிருந்தே வந்தது. அவருடைய தாயார், தனுஷ்கோடியில் காணாமல் போன உறவினர்களுக்காக மாலைச் செபமாலையில் ஒரு வேண்டுதல் கருத்தைச் சேர்ப்பார் என்றும், இறந்தவர்களுக்காக என்றும் சொல்லாமல் வாழ்கிறவர்களுக்காக என்றும் சொல்லாமல் "கடலோடு இருக்கிற எல்லாருக்காகவும்" என்று சொல்வார் என்றும் நோயாளி நினைவுகூர்ந்தார். அன்று முதல் அந்தக் கருத்து அவர்கள் செபத்தில் மீண்டும் இடம்பெற்றது. மகனின் பெயர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டில் உரக்கச் சொல்லப்பட்டது. சிலுவையைப் பற்றிய முடிவை மனைவியிடமே விட்டுவிட்டார்.

கனடாவின் ஹார்வி சோச்சினோவ் உருவாக்கிய மாண்புச் சிகிச்சையில், நோயாளி தன் வாழ்வைப் பற்றிப் பேசுவதைப் பதிவு செய்து, செம்மைப்படுத்தி, குடும்பத்துக்குரிய ஆவணமாக அளிப்பது வழக்கம். ஒரு மணி நேரம் பேசும் நிலையில் இவர் இல்லாததால், ஒரு நாளைக்கு ஒரு கேள்வி என்று சுருக்கினோம். எந்தப் பருவத்தில் எந்த மீன் எங்கே படும், எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், வலை கிழியும் என்பவையே பெரும்பாலும் வந்தன. பேரன் அவற்றை எழுதிக்கொண்டான். தன் வாழ்வின் பொருள் என்ன என்ற கேள்விக்கு அவர் எழுதிய விடை இதுவே என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இறுதி நாட்கள்

கடைசி வாரத்தில் நினைவுக் குழப்பம் தோன்றியது. மருத்துவர் அதற்குரிய மருந்தைச் சிறு அளவில் தொடங்கினார். குழப்பத்தினூடே அவர் கதவுப் பக்கம் கையை நீட்டி, குழறலாக, மகன் வந்திருக்கிறான் என்றார். இறப்பை நெருங்குகிறவர்கள் முன்பு போனவர்களைக் காண்பது அடிக்கடி நிகழ்வது; அவருக்கு அது அமைதியே தந்தது. ஆனால் கட்டிலருகே இருந்த தாய் என்னைப் பார்த்து, "செத்தவக தானே கூப்பிட வருவாக? அப்ப அவன் இல்லையா?" என்று கேட்டார். குழப்பத்தின் விளைவு என்று விளக்கியிருந்தால் கணவரின் கடைசி ஆறுதலை மறுத்ததாகும். ஆம் என்றால் மகனை எடுத்துவிட்டதாகும். "அவுக மகனப் பாத்தாக. அதுக்கு மேல சொல்ல எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் கணவரின் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் விடியுமுன் வீட்டிலேயே, வலியின்றி, குடும்பத்தார் சூழ இறந்தார்.

பேரனிடம் தாத்தா தூங்குகிறார் என்று சொல்ல உறவினர்கள் முற்பட்டபோது மகள் தடுத்து, நாங்கள் முன்பே பேசிவைத்தபடி, உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி எழுந்திருக்கமாட்டார் என்று சொன்னார். அடக்கத்துக்கு வருகிறாயா என்று அவனையே கேட்டார்கள், வந்தான்.

பின்தொடர்ந்த பணி

துயர ஆற்றுகையில் நான் பெரிதும் சார்ந்திருப்பது, மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் ஆகிய இருவரும் 1999-இல் முன்வைத்த இருவழிக் கோட்பாடு. இழப்பை நோக்கித் திரும்புவதும் வாழ்க்கையை நோக்கித் திரும்புவதும் மாறி மாறி நிகழும், இரண்டில் ஒன்றிலேயே நின்றுவிடுவதுதான் கவலைக்குரியது என்பது அதன் சாரம். கடல் ஏறுவதும் வற்றுவதும்போல என்று ஒருமுறை அம்மையாரிடம் விளக்கியபோது, அவர் உடனே, வற்றும்போதுதான் பாசி எடுக்க முடியும் என்றார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூட்டாகக் கடலில் இறங்கும் அந்தப் பெண்கள், முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு அவரை அழைக்க வந்தார்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி மூழ்கும் அந்த வேலையில் துக்கத்துக்கு இடமிருக்காது. கரைக்கு வந்து ஈரத்தோடு உட்கார்ந்து பேசும் நேரத்தில் அதற்கு நிறைய இடம் உண்டு. அந்தக் குழுவில் கணவனையோ மகனையோ கடலில் இழந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். நான் செய்ததைவிட அவர்கள் செய்தது அதிகம் என்று பதிவுத்தாளில் எழுதியிருக்கிறேன்.

நீடித்த துயரக் கோளாறு என்று முடிவு செய்ய, உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப்பட்டியல் குறைந்தது ஆறு மாதங்களும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022 கையேடு பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதங்களும் கேட்கின்றன. கணவருக்கான துயரத்தில் அம்மையார் அந்த எல்லையை எட்டவில்லை. ஓராண்டு நிறைவில் உறக்கமும் உழைப்பும் சீராக இருந்தன. மகனைப் பொறுத்தவரை அந்த அளவுகோலைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து. இறந்த நாள் எதுவென்று தெரியாத இழப்புக்கு எந்த நாளிலிருந்து மாதங்களை எண்ணுவது?

உடல் இல்லாத இறப்புக்கு ஒவ்வொரு சமயத்தாரிடமும் ஒரு வழி இருக்கிறது. இந்துக்கள் தருப்பையால் உருவம் செய்து எரிக்கிறார்கள். கீழக்கரை போன்ற ஊர்களின் இசுலாமியர்கள் உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுகை நடத்துகிறார்கள். கத்தோலிக்கர்களும் உடலின்றி இரங்கல் திருப்பலி நிறைவேற்றலாம். பங்குத் தந்தையும் அந்தத் திருப்பலிக்கு ஆயத்தமாகவே இருந்தார். ஆனால் எல்லா வழிகளும் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதில்தான் தொடங்குகின்றன. ஒப்புக்கொள்ளாதவருக்கும் ஒரு வழி வேண்டும் என்பதைச் சடங்கு நடத்துபவர்களோடு சேர்ந்து உளவியலாளர்கள் சிந்திக்க வேண்டும். இந்த வீட்டில் செபமாலையின் ஒரு வரி அந்த இடத்தை நிரப்பியது. முதல் கல்லறைத் திருநாளுக்கு அம்மையார் கணவரின் கல்லறைக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். மகனின் பெயர் சிலுவையில் இல்லை.

சட்டம் இதில் ஒரு காலக்கெடுவைக் கொண்டுவருகிறது. ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி, இருந்தால் இயல்பாக அறிந்திருக்கக்கூடியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு சொல்பவருடையது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. வரும் ஆண்டில் அந்தக் காலம் நிறைவடைகிறது. இறப்புச் சான்றுக்கு விண்ணப்பித்தால் நிலுவையிலிருக்கும் உதவிகள் கிடைக்க வழி பிறக்கும். அந்தத் தொகை மகளின் வீட்டுக் கடனுக்குத் தேவையும்கூட. ஆனால் அந்த விண்ணப்பத்தில் தாய் கைநாட்டு வைக்க வேண்டியிருக்கும். வைப்பதா வேண்டாமா என்பதில் கருத்துச் சொல்லும் உரிமை எனக்கில்லை. சான்று என்பது அலுவலகத்துக்கான தாள், அதில் கைநாட்டு வைத்த பிறகும் அவர் மகனுக்காகக் காத்திருக்கலாம், வைக்காமலும் வாழலாம் என்பதை மட்டும் தாய்க்கும் மகளுக்கும் ஒரே அமர்வில் விளக்கியிருக்கிறேன். துயர ஆற்றுகைப் பணியை ஓராண்டில் முடிப்பதே எங்கள் குழுவின் வழக்கம். இவருக்கு அதை ஏழாம் ஆண்டு கடக்கும்வரை நீட்டிக்கக் குழு ஒப்புக்கொண்டுள்ளது.